இடது பக்கப் பின்கதவு

இந்தக் கதையில் ஒரு காரும், அதன் கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளமும் வருகின்றன. முடியும் இடத்தில் உங்களை ஒன்று கேட்பேன். அதனால் யார் என்ன சொன்னார்கள் என்பதைக் கொஞ்சம் காதில் போட்டுக்கொண்டே வாருங்கள்.

சங்கரன்கோவிலில் பஸ் டிப்போ டைம்கீப்பர் தங்கப்பழத்துக்கு ஆவணியில் மகள் கல்யாணம். பெண்ணழைப்புக்குப் பக்கத்து வீட்டு சுயம்புலிங்கம் தன் வெள்ளைக் காரைக் கொடுத்தார். அந்த வீட்டில் அவரும் மனைவி பூரணமும்தான். ஞாயிறு தவறாமல் தன் கையாலேயே காரைக் கழுவித் துடைக்கிற மனிதர் அவர். பிறத்தியாருக்குக் கொடுத்தது அதுவே முதல் தடவை.

“குடுத்தபடியே வந்து சேரணும், வே” என்று சாவியை நீட்டியவர், “பூ எங்க வேணும்னாலும் கட்டிக்கிடும். பின்னால இடது கதவுல மட்டும் டேப் ஒட்ட வேண்டாம்” என்றார்.

“சரி அண்ணாச்சி. அப்படியே திருப்பித் தாரேன்” என்று தங்கப்பழம் வாக்குக் கொடுத்தார். ஏன் என்று கேட்கவில்லை. கல்யாண வேலை தலைக்கு மேல் கிடக்கும்போது யார் காரணம் கேட்டுக்கொண்டிருப்பார்கள்? கேட்காததோடு போகட்டும், அலங்காரம் செய்தவர்களிடம் சொல்லவும் மறந்துவிட்டார். அவர்கள் நாலு கதவிலும் ரோஜாச் சரத்தை டேப் வைத்து அழுத்தி ஒட்டிவிட்டார்கள்.

கல்யாணம் முடிந்த கையோடு சுயம்புலிங்கம் ரயிலேறிச் சென்னையில் மகன் வீட்டுக்குப் போனார். புதன்கிழமை காலை தங்கப்பழம் சரங்களை உரித்தார். மூன்று கதவில் டேப் மட்டும் வந்தது. இடது பின்கதவில் பெயிண்டும் சேர்ந்து தோசை மாதிரி பெயர்ந்து வந்தது. உள்ளே மேடுபள்ளம் நிரவப் பூசுகிற சாம்பல் நிறப் பட்டி, அதுவும் உதிர்ந்த இடத்தில் பழைய பள்ளம். உடனே பெயிண்டருக்குப் போன் போட்டார்.

பெயிண்டர் ஐசக் வந்து ஒரு காந்தத்தை வைத்துப் பார்த்தார். மற்றக் கதவுகளில் கப்பென்று பிடித்தது. இங்கே அடியில் பட்டி கனமாக இருந்ததால் நழுவி விழுந்தது.

“கம்பெனி பெயிண்ட் டேப்புக்கெல்லாம் உரியாது அண்ணாச்சி. இது பொறவு அடிச்சது. மேலாப்புல பட்டி பூசி அடிச்சா நாளைக்கே தந்திருவேன், முன்னால இருந்த மாதிரியே இருக்கும். ஆனா அடியில துரு ஏறிட்டு. ஒரு மழைக்கு உப்பிரும். முழுசாச் சொரண்டி, பள்ளத்தை இழுத்து, கதவு முழுக்க அடிச்சா ஆயுசுக்கும் நிக்கும். அதுக்கு நாலு நாள் வேணும்.”

சுயம்புலிங்கம் வெள்ளிக்கிழமை காலை வருகிறார்.

தங்கப்பழம் நேராகப் பூரணத்திடம் போய் நடந்ததைச் சொன்னார். அந்த அம்மாள் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

“அந்தப் பள்ளம் நான் போட்டது தம்பி. போன வருசம் லைசென்சு எடுத்த புதுசு. அவுக ஊர்ல இல்லாதப்ப எடுத்து, கேட்டுத் தூண்ல உரசிட்டேன். அவுக வாரதுக்குள்ள ஆள வச்சுப் பூசி மறைச்சேன். அன்னையோட வண்டியத் தொடல. அவுகளுக்குத் தெரியாது. பழையபடியே பூசிருங்க, ஒங்களக் கும்பிடுதேன்.”

பட்டி பூசினால், நம்பிக் கொடுத்தவரின் கதவுக்குள் தெரிந்தே துருவை வைத்து மூட வேண்டும். நாலு நாள் எடுத்தால் பூரணத்தின் ரகசியம் சந்திக்கு வரும். பள்ளம் தன்னால் வந்தது என்று பழியை ஏற்கலாம், அதுவும் பொய். மகளை அனுப்பிய வீட்டு வாசலில் நின்று அந்த மனிதர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐசக் போனில் கேட்டார்: “என்ன அண்ணாச்சி, பூசவா, சொரண்டவா?”

தங்கப்பழம் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நீங்களே சொல்லுங்கள்.

விடை: சுரண்டச் சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு கதவில் மட்டும் டேப் வேண்டாம் என்றவருக்கு அதன் அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாமலா இருக்கும்? வாராவாரம் துடைத்த கை அது. வீட்டில் இருப்பதோ இரண்டு பேர், யார் இடித்தார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். மனைவி மனம் நோகக் கூடாதென்று ஒரு வருஷமாக வாயைத் திறக்கவில்லை. மறைக்க அங்கே எதுவுமே மிச்சமில்லை. ஆனால் பாவம், தங்கப்பழத்துக்கு இது உறைக்கவில்லை. பூசச் சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை சுயம்புலிங்கம் கதவை ஒரு தடவை தடவிப் பார்த்து, “குடுத்தபடியே இருக்கு வே” என்றார். அன்று மாலை அவரும் பூரணமும் கோயிலுக்குக் கிளம்பினார்கள். டிரைவர் பக்கக் கதவைத் திறந்துபிடித்து, “நீ ஓட்டுதியா?” என்று அவர் கேட்டார். பூரணம் ஓரடி பின்னால் நகர்ந்தாள். “எனக்கு எங்க ஓட்டத் தெரியும்” என்று சொல்லிவிட்டு அந்தப் பின்கதவைத் திறந்து ஏறிக்கொண்டாள். ஐப்பசி மழைக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது.