சாய்ந்த ஆணி

பேருந்து நிலையத்துக்கு எதிரே இரண்டு சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. முன்பு அது ஒரே கடை. அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்தபோது நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர் வைத்தார்கள். கூரையைப் பிரிக்க வழி தெரியாததால் அதை அப்படியே விட்டுவிட்டார்கள். சுவருக்கும் கூரைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. ஏச்சும் பேச்சும் அந்த வழியாகத்தான் போய்வந்தன.

முதலில் இரண்டு கடையிலும் விறகடுப்புதான். சண்டை வந்தால் டம்ளர் பறக்கும். நாலு டம்ளர் நசுங்கியதும் சண்டை முடிந்துவிடும். பிறகு மேற்குக் கடையில் ஒரு கேஸ் சிலிண்டர் வந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்த கிழக்குக் கடை, தாளிக்க எண்ணெய் இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்று தானும் ஒன்றை வாங்கி வைத்தது.

அன்றிலிருந்து டம்ளர்கள் பறக்கவில்லை. சிலிண்டர்கள் பேசத் தொடங்கின.

“நான் வெடிச்சா உம்ம கடை இருக்காது வே,” என்றது மேற்கு.

“நான் வெடிச்சா உம்ம கடை இருந்த இடமே தெரியாது ஓய்,” என்றது கிழக்கு.

இரண்டும் உண்மை. தன் கடையும் கூடவே போய்விடும் என்பதை மட்டும் இரண்டுமே சொல்வதில்லை. சொன்னால் பேச்சில் மிடுக்கு குறைந்துவிடும்.

ஆனாலும் சிலிண்டர்கள் வந்த புதிதில் ஒரு வழக்கம் ஏற்பட்டிருந்தது. வைய வேண்டுமானால் இடைவெளி வழியே கத்தலாம். எவ்வளவு பொய்யும் சொல்லலாம். உண்மை தெரிய வேண்டுமானால் கரண்டியால் சுவரைத் தட்ட வேண்டும். ஒரு தட்டு என்றால், ‘அங்கே எல்லாம் சரியா?’ பதிலுக்கும் ஒரு தட்டு வந்தால், ‘சரி.’ இரண்டு தட்டு வந்தால், ‘இங்கே கேஸ் கசிகிறது, நெருப்புப் பற்ற வைக்காதே.’ தட்டில் பொய் கிடையாது. இதற்காகவே இரண்டு பக்கமும் சுவரில் ஆணி அடித்து ஒரு சாம்பார்க் கரண்டி மாட்டியிருந்தது.

போன ஆடியில் அந்த வழக்கமும் நின்றுபோயிற்று. மேற்குக் கடை இட்லியை விட்டெறிந்தால் சுவரே இடிந்துவிடும் என்று கிழக்குச் சிலிண்டர் சொல்லிவிட்டது. இனி இவர்களோடு தட்டு கிடையாது என்று மேற்கு அறிவித்தது. கிழக்கும் அதையே அறிவித்தது. தான்தான் முதலில் அறிவித்ததாகவும் சொல்லிக்கொண்டது.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டுக் கூட்டம் ஓய்ந்து, இரு கடை மாஸ்டர்களும் வெற்றிலை போட வெளியே போயிருந்தார்கள். மேற்கு அடுப்படிக்குள் மெல்ல ஒரு நெடி வந்தது. அது என்ன நெடி என்று சிலிண்டருக்கா தெரியாது?

தீப்பெட்டி துள்ளி எழுந்தது. “பாத்தீங்களா அண்ணாச்சி? நம்ம கடைக்குள்ள கேஸை விடுதான். ஆரம்பிச்சிட்டான். ஒரு வார்த்தை சொல்லுங்க, ஒரே உரசு.”

“உரசினா?” என்று ஆணியில் தொங்கியபடி கேட்டது கரண்டி.

“கிழக்கு காலி.”

“நாம?”

“வரலாறு நம்மளப் பத்திப் பேசும்.”

“யார்கிட்ட?” என்றது கரண்டி.

மேற்குச் சிலிண்டர் இடைவெளி வழியே கத்தியது. “ஓய், என்ன நாத்தம் அது?”

உண்மையில், கிழக்குச் சிலிண்டரின் வாஷர் தேய்ந்து கேஸ் கசிந்துகொண்டிருந்தது. ஆனால் ‘எனக்கு ஒழுகுகிறது’ என்று எதிரியிடம் எப்படிச் சொல்வது? “உம்ம சாம்பார் நாத்தம்தான்,” என்றது கிழக்கு. “மூக்கைக் கழுவிட்டு மோந்து பாரும்.”

தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சி தலையை நீட்டியது. “இதுக்கு மேலயும் பொறுத்தா உங்கள சிலிண்டர்னு யாரும் சொல்ல மாட்டாங்க அண்ணாச்சி. தண்ணிக் குடம்னுதான் சொல்லுவாங்க.”

அது சிலிண்டருக்கு உறைத்தது. நெடியும் கூடிக்கொண்டே வந்தது. கிழக்கிலும் ஒரு தீப்பெட்டி உண்டு. அதுவும் இந்நேரம் இதே பேச்சைத்தான் பேசிக்கொண்டிருக்கும். இரண்டும் ஒரே பண்டலில் வந்தவை.

“ஒரு தட்டு தட்டிக் கேக்கட்டுமா?” என்றது கரண்டி.

“நாம போய் முதல்ல தட்டவா? பயந்துட்டான்னு பஸ் ஸ்டாண்டு பூரா சொல்லுவான். தட்டக் கூடாது. இது என் உத்தரவு.”

“சரி அண்ணாச்சி.”

சிலிண்டர் அண்ணாந்து பார்த்தது. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை ஒரே கூரை. தொண்டையைச் செருமிக்கொண்டு, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னது: “அந்த ஆணி சாஞ்சுதான் இருக்கு. கரண்டி தானா நழுவி விழுந்தா நான் என்ன செய்ய முடியும்?”

கரண்டி விவரமானது. ஆணியிலிருந்து நழுவி, போகிற போக்கில் சுவரில் ‘டங்’கென்று ஒரு முறை மோதி, தரையில் விழுந்தது.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. “பாத்தீங்களா, பதில் இல்ல,” என்றது தீப்பெட்டி. குச்சி மருந்துப் பட்டையில் சாய்ந்தது.

சுவருக்கு அப்பால் கிழக்குச் சிலிண்டர் தன் கரண்டியிடம் கண்டிப்பான குரலில் பேசிக்கொண்டிருந்தது. “அவன் தட்டினா நாம பதிலுக்குத் தட்டணும்னு ஒண்ணும் இல்ல. நீ பாட்டுக்குத் தொங்கு. ஆனா நம்ம ஆணியும் சாஞ்ச ஆணிதான். நீ விழுந்தா விழுந்ததுதான். விழும்போது ரெண்டு தரம் மோதினாலும் நான் கேக்க மாட்டேன்.”

டங். டங்.

மருந்துப் பட்டையில் சாய்ந்த குச்சி உரசாமல் அப்படியே நின்றது.

“பெட்டியை மூடு,” என்றது சிலிண்டர்.

“அண்ணாச்சி, வரலாறு...”

“மூடுலே.”

தீப்பெட்டி மூடிக்கொண்டது. இரண்டு கடைகளிலும் ஜன்னல்கள் திறந்துகொண்டன. காற்று வந்து நெடியை வாரிக்கொண்டு போயிற்று. வெற்றிலையோடு திரும்பிய கிழக்குக் கடை மாஸ்டர் பால்வண்ணன் மோந்து பார்த்துவிட்டு, திட்டிக்கொண்டே வாஷரை மாற்றினார்.

சாயங்காலம் இரண்டு பக்கமும் வெற்றி விழா.

“எங்க கரண்டி விழுந்த சத்தத்திலேயே ஆடிப்போயிட்டான்,” என்றது மேற்கு.

“அவன் ஒரு அடி, நாங்க ரெண்டு அடி,” என்றது கிழக்கு.

அதற்குப் பிறகு தினமும் மதியம் மாஸ்டர்கள் வெளியே போனதும் இரண்டு கரண்டிகளும் தவறாமல் நழுவி விழுந்தன. தரையில் கிடந்த கரண்டியை எடுத்து எடுத்து மாட்டிச் சலித்துப்போனார் மேற்குக் கடை மாஸ்டர் இசக்கிமுத்து. ஒரு நாள் பழைய ஆணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு, கனமான இரும்புக் கொக்கி ஒன்றை நேராக அடித்தார். “இனி எப்படி விழுதுன்னு பாக்கேன்,” என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார்.

தீப்பெட்டிக்கு ஒரே மகிழ்ச்சி. “நம்ம கௌரவம் தப்பிச்சுது அண்ணாச்சி. இனிமே கரண்டி விழவே விழாது.”

சிலிண்டர் கொக்கியையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் கரண்டி ஆடாமல் அசையாமல் தொங்கியது. “பழைய ஆணியே இருந்திருக்கலாம்,” என்று முணுமுணுத்தது.

அது அவ்வளவு மெதுவாகச் சொன்னதுகூட அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். வசவு மட்டுமே வரும் இடைவெளி வழியாக ஒரு குரல் வந்தது.

“எங்ககிட்ட சாஞ்ச ஆணி இன்னொண்ணு இருக்கு ஓய். வேணும்னா எடுத்துக்கிடும். ஆனா உம்ம இட்லி கல்லுதான்.”