ஓடைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்த முயல்

ஒரு காட்டு ஓடைக்கரையில் நீர்நாய் ஒன்று முதலுதவி வகுப்பு நடத்தி வந்தது. முள் தைத்தால் என்ன செய்வது, இரத்தம் வந்தால் எங்கே அழுத்துவது, தண்ணீரில் விழுந்தவருக்கு மூச்சு கொடுப்பது எப்படி, எல்லாம் சொல்லித் தரும். கரடி, குரங்கு, அணில், முயல் என்று பலரும் வந்து படித்தார்கள்.

மூச்சு கொடுத்துப் பழக ஒரே ஒரு கோரைப்புல் பொம்மைதான் இருந்தது. அதன் வாயில் ஒரு மூங்கில் குழாய். ஊதினால் பொம்மையின் நெஞ்சில் வைத்த ஆலிலை எழும்ப வேண்டும். ஒருவர் வாய் வைத்த குழாயில்தான் அடுத்தவரும் வாய் வைப்பார். குரங்குக்கு மட்டும் கொஞ்சம் மரியாதை தெரியும். தான் ஊதி முடித்ததும் குழாயைத் தன் வாலால் துடைத்துக் கொடுக்கும். காடெல்லாம் தொங்கி, புழுதியெல்லாம் பெருக்கி வந்த வால் அது.

அந்தச் சமயத்தில் காட்டில் இருமல் காய்ச்சல் பரவியது. வகுப்புக்கு வந்தவர்களில் பாதிப் பேர் படுத்துவிட்டார்கள்.

கரடி வந்து சொன்னது: "வகுப்பை மூடிடுங்க நீர்நாயண்ணே. உயிரைக் காப்பாத்தப் படிக்க வந்து, உயிரை விட்டுட்டுப் போகணுமா?"

முயலுக்குத் தாங்கவில்லை. "மூடாதீங்கண்ணே. மழை வரப்போகுது. என் வளை கரையோரம் இருக்கு. போன மழையில என் கடைக்குட்டி ஓடையில விழுந்துச்சு. வெளியே எடுத்துட்டோம். எடுத்த பிறகு என்ன செய்யணும்னுதான் ஒருத்தருக்கும் தெரியல. சுத்தி நின்னு அழுதோம். இன்னும் ரெண்டு குட்டி இருக்கு எனக்கு."

கரடி குரலைத் தாழ்த்திக்கொண்டது. "அப்ப ஒரு மைனாவை அனுப்பிப் பாடத்தை வீடு வீடா சொல்லச் சொல்லலாமே?"

"நீங்க மரம் ஏறினது யாரோ சொல்லிக் கேட்டா?" என்றது நீர்நாய்.

"நல்லா இருக்கே. விழுந்து விழுந்துதான் பழகினேன்."

"இதுவும் கை பழகணும் கரடியம்மா. தப்பு வகுப்புல இல்ல. நான் நடத்தின விதத்துல இருக்கு."

நீர்நாய் வகுப்பைப் புதருக்குள்ளிருந்து காற்றோட்டமான பாறைக்கு மாற்றியது. அவரவர் பொம்மையை அவரவரே முடைந்து, அவரவர் குழாயோடு வர வேண்டும். வந்ததும் ஓடும் தண்ணீரில் கை கழுவ வேண்டும். ஒரு வால் நீளம் தள்ளித் தள்ளி உட்கார வேண்டும்.

"யார் வால்னு சொல்லிடுங்க," என்றது குரங்கு. "முயலக்கா வாலை வச்சு அளந்தா எல்லாரும் மடியிலதான் உட்காரணும்."

"உன் வால்தான். ஆனா அதால இனி எதையும் துடைக்காதே," என்றது நீர்நாய். "இருமல் இருக்கறவங்க மட்டும் வர வேண்டாம். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்."

மூச்சு கொடுக்கும் பாடம் நடக்கும் நாள் வந்தது. அன்று விடியும்போதே முயலுக்குத் தொண்டை கரகரத்தது. இருமலும் வந்தது.

'கடவுளே, இன்னைக்குத்தானா?' என்று கலங்கியது. துளசியை வாய் நிறைய அடைத்துக்கொண்டு, பொம்மையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

பாறையில் இடம் பிடித்து உட்கார்ந்தபோது, பக்கத்து இடத்துக்கு அணில் வந்தது. கண் திறக்காத குஞ்சுகளைக் கூட்டில் விட்டு வந்த பச்சை உடம்புக்காரி. "என்னக்கா, வாய் நிறைய என்ன வச்சிருக்கே? எனக்குத் தர மாட்டியா?" என்று சிரித்தது.

முயல் அந்தக் குஞ்சுகளை நினைத்தது. என் பிள்ளைக்காக நான் வந்தேன், இவள் பிள்ளைகளுக்கு யார் இருக்கிறார்கள்? அது எழுந்து விலகி ஓடியது. தூரத்தில் நின்று, "எனக்கு இருமல் இருக்குண்ணே. மறைச்சு வந்துட்டேன். நான் போறேன்," என்றது. கண்ணில் நீர் கட்டியது.

யாரும் திட்டவில்லை. நீர்நாய் காற்று வரும் திசையை மூக்கை நீட்டிப் பார்த்தது. "வீட்டுக்குப் போகாதேம்மா. ஓடைக்கு அந்தப் பக்கம் போய் உட்காரு. காத்து இங்கிருந்து அங்கதான் போகுது. நான் சத்தமா சொல்றேன்."

அன்று நீர்நாய் தொண்டை கட்டும் அளவுக்குக் கத்திப் பாடம் நடத்தியது. அக்கரையில் முயல் தனியாக ஊதியது, அழுத்தியது. "தலையை இன்னும் சாய்க்கணும் அக்கா!" என்று இக்கரையிலிருந்து அணில் திருத்தியது. மாலைக்குள் முயலின் ஆலிலையும் எழும்பியது. பிறகு அது தன் வளைக்குப் போய், குட்டிகளைத் தள்ளிப் படுக்கவைத்து, இருமல் முழுக்கத் தீரும்வரை யாரையும் நெருங்காமல் இருந்தது. குட்டிகளுக்குத் தீனியைக் கரடி கொண்டுவந்து வாசலில் வைத்தது.

மழை வந்தது. ஓடை பெருகியது. முயலின் குட்டி ஒன்று கரை இடிந்து தண்ணீரில் விழுந்தது. குரங்கு தாவிப் பிடித்துக் கரையில் போட்டது. குட்டிக்கு மூச்சு இல்லை.

முயல் அழவில்லை. குட்டியின் தலையைச் சாய்த்தது. மூக்கையும் வாயையும் சேர்த்து வாய் வைத்து ஊதியது. நெஞ்சை அழுத்தியது. மறுபடி ஊதியது. ஆனால் நெஞ்சு எழும்புகிறதா என்று மழையில் தெரியவில்லை.

மரத்திலிருந்து அணில் இறங்கி ஓடிவந்தது. நோய் தொடாத உடம்பு, வேகமாக வந்தது. "எழும்புதுக்கா, நான் பார்க்கிறேன். நீ ஊது, நான் அழுத்துறேன். நிறுத்திடாதே."

ஒருத்தி ஊத, ஒருத்தி அழுத்த, குட்டியின் வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. பிறகு அது இருமியது. இருமி இருமி அழுதது. சுற்றிக் கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

"இருமல்னா விலகி ஓடின கூட்டம், இந்த இருமலைக் கேட்டு எப்படிச் சிரிக்குது பாருங்க," என்றது குரங்கு. முயல் குட்டியை மாரோடு அணைத்தபடி, அணிலின் நனைந்த கையைப் பிடித்துக்கொண்டது.

கற்க வேண்டியதைப் பயந்து கைவிடாமலும், தன் நோயை மறைத்துப் பிறருக்குக் கொடுக்காமலும் இருப்பவருக்கு, ஆபத்து வரும்போது கைகொடுக்க நலமான ஓர் உயிர் பக்கத்தில் இருக்கும்.