குரல் லைப்ரரி: இல்லை

“லைப்ரரி இருக்கு மேடம். என் கண்ணால பார்த்தேன். ஆனா இல்லைங்குது.”

மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு புலம்பியவர் தெய்வசிகாமணி. தபால் ஆபீஸில் ஓய்வு பெற்ற பிறகு புரோகிராம் எழுதக் கிளம்பியவர். குரு மும்தாஜ் அவரைவிட வயதில் ரொம்ப இளையவர். சீடனை ‘சார்’ என்றுதான் கூப்பிடுவார்.

“எது இல்லைங்குது சார்?”

“கான்ஃபிகர் ஸ்கிரிப்ட்.”

மென்பொருளைக் கட்டுவதற்கு, அதாவது பில்ட் பண்ணுவதற்கு முன்னால், அதற்கு வேண்டிய லைப்ரரிகள் (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்தப் புரோகிராம்கள்) கணினியில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சொல்கிற ஸ்கிரிப்ட் அது. கட்டாயம் வேண்டியது இல்லையென்றால் அங்கேயே நின்றுவிடும். இருந்தால் நல்லது என்கிற ரகமாக இருந்தால், ‘இல்லை’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அது பாட்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும். எழுத்தை வாய்விட்டு வாசிக்க வைக்கும் குரல் லைப்ரரி இரண்டாவது ரகம்.

மறுநாள் காலையில் பார்வையற்றோர் பள்ளியில் மென்பொருளைக் கொடுத்தாக வேண்டும். பாடத்தை வாசித்துக் காட்டுவதுதான் அதன் வேலையே. ஊமையாகப் போய் நின்றால் அந்தப் பிள்ளைகள் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள்?

“அழிச்சிட்டு மறுபடி போட்டேன். அப்பவும் இல்லைங்குது. இப்ப எனக்கே சந்தேகமா இருக்கு.”

“ஸ்கிரிப்ட் எப்படிப் பார்க்குது?”

“தேடிப் பார்க்கும்.”

“தேடாது சார். லைப்ரரியைக் கூப்பிடற மாதிரி சின்னதா ஒரு புரோகிராம் எழுதி, பில்ட் பண்ணிப் பார்க்கும். ஆச்சுன்னா இருக்கு. ஆகலைன்னா இல்லை.”

“அதான் இருக்கே மேடம்.”

குரு பேச்சை மாற்றினார். “மத்தியானம் வரேன்னீங்க. ஏன் வரலை?”

“வந்தேனே. நீங்கதான் வீட்டுல இல்லை.”

“நான் எங்கயும் போகலை.”

தெய்வசிகாமணி விழித்தார். “பெல்லை அழுத்தினேன். யாரும் வரலை. திரும்பிப் போயிட்டேன். இப்ப கதவு திறந்திருந்துச்சு, வந்துட்டேன்.”

குரு எழுந்தார். சீடனை வாசலுக்கு அழைத்துப்போய் வெளியே நிறுத்தினார்.

“நான் இருக்கேனான்னு பாருங்க” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

இந்த அம்மாவுக்கு என்ன ஆச்சு என்று தெய்வசிகாமணிக்கு எரிச்சலாக வந்தது. பெல்லை அழுத்தினார். பதில் இல்லை. இன்னொரு தடவை அழுத்தினார்.

அப்புறம்தான் அண்ணாந்து பார்த்தார். பெல்லுக்குப் போகிற ஒயர் அறுந்து தொங்கிக்கொண்டிருந்தது.

அவர் கதவைத் தட்டவில்லை. அங்கேயே படியில் உட்கார்ந்து மடிக்கணினியைத் திறந்தார். ஸ்கிரிப்ட் எழுதிப் பார்க்கிற அந்தச் சின்னப் புரோகிராமைத் தன் கையாலேயே எழுதி பில்ட் செய்தார்.

பிழை வந்தது. அதில் குரல் லைப்ரரியைப் பற்றி ஒரு குறையும் இல்லை. குரல் நம்பியிருந்த ஒலி லைப்ரரியைத்தான் காணோம் என்றது.

அதைப் போட்டார். ஸ்கிரிப்டை மறுபடி ஓடவிட்டார். ‘குரல் லைப்ரரி: இருக்கிறது’ என்று வந்ததும் மென்பொருளைக் கட்டி முடுக்கினார்.

கொஞ்ச நேரம் கழித்து வாசலில் தட்டையான ஒரு குரல் கேட்டது. “வணக்கம். பாடம் ஒன்று.”

குரு கதவைத் திறந்தார்.

“யாரு சார் கூப்பிட்டது?”