கட்டைவிரல் வைக்கும் இடம்

காற்றுத் துப்பாக்கி செய்யும் பட்டறைகளில் சிறந்தது எது என்று ஆண்டுதோறும் தீர்ப்புச் சொல்கிறவன் தாணுமாலயன். அவன் கை காட்டும் துப்பாக்கிதான் சுடும் பயிற்சிக்காகப் பள்ளிக்கூடங்களுக்குப் போகும்.

நெம்புகோலைப் பின்னால் இழுத்தால் குழலில் ஒரு வாய் திறக்கும். கட்டைவிரலால் குண்டை அதற்குள் அழுத்த வேண்டும். அதுவரை நெம்புகோலைப் பிடித்து நிறுத்துவது ஒரு சின்னக் கொக்கி. போன வருடம் ஒரு புதுப் பட்டறைக்காரன் அந்தக் கொக்கியை யாரும் செய்யாத மாதிரியில் செய்திருந்தான். விருது மேடையில் தாணுமாலயனின் வாயில் தேன் வழிந்தது. "இதுவல்லவா புதுமை!"

மழைக்காலத்தில் ஒரு பள்ளியில் அந்தக் கொக்கி நழுவி, குழலின் வாய் படாரென்று மூடிக்கொண்டது. ஷைனி என்ற சிறுமியின் கட்டைவிரல் துண்டாகப் போயிற்று.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைக்குப் போகுமா? இந்த வருடம் தாணுமாலயன் ஒரு பழைய பட்டறையின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு, தனக்குச் சுடக் கற்றுக்கொடுத்த ஆசான் ஞானசிகாமணியிடம் வந்தான். நரை தட்டிய வயதிலும் அவர் முன்னால் உட்காரத் துணியாமல் நின்றான்.

"ஆசானே, புதுமையைப் பார்க்கணுமா, பழகின உறுதியைப் பார்க்கணுமா?"

"நீ என்ன முடிவு பண்ணியிருக்கே?"

"இதுக்குத்தான் விருது. எங்க அப்பா காலத்திலேயிருந்து செய்யுதாங்க. ஒரு குத்தம் குறை கிடையாது."

"யாரு சொன்னா?"

"ஊரே சொல்லுது."

ஆசான் துப்பாக்கியை வாங்கினார். நெம்புகோலை முழுக்க இழுத்தார். கொக்கி மாட்டிக்கொண்டது. குழல் வாயைத் திறந்தது.

"உன் கட்டைவிரலை உள்ளே வை. நான் அடிக்கட்டையைத் தரையில ஒரு தட்டுத் தட்டுதேன். கொக்கி நிக்குதான்னு பார்ப்போம்."

தாணுமாலயன் கையை நீட்டினான். குழலின் வாயருகே கை நின்றுவிட்டது. மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

"என்னப்பா, ஊரே சொல்லுதுன்னியே?"

"பயமா இருக்கு, ஆசானே. நான் இதைப் பிரிச்சுப் பார்க்கல்ல. தட்டியும் பார்க்கல்ல."

"போன வருஷத்துத் துப்பாக்கியை?"

தாணுமாலயனுக்கு அழுகை முட்டியது. அழக்கூடத் தனக்கு யோக்கியதை இல்லை என்று தோன்றியது.

"அதையும் இல்ல."

ஆசான் நெம்புகோலை இறுகப் பிடித்து மெதுவாகத் திருப்பி விட்டார். துப்பாக்கியை அவன் கையில் கொடுத்தார்.

"ஷைனி பயப்படல்ல. நீ பார்த்துச் சொன்னதுன்னு நம்பி, விரலை வச்சா."