பானையை ஏன் சுண்டிப் பார்க்கிறோம்

அந்தக் காலத்தில் மண்பானைக்குச் சாவே கிடையாது. கல்லில் விழுந்தாலும், மாடு மிதித்தாலும், கிணற்றுச் சுவரில் மோதினாலும் ஒரு கீறல் விழாது. அதோடு நன்றாகப் பேசவும் செய்யும். உலை கொதித்தால் அரிசியைப் போடச் சொல்லிக் கூப்பிடும். உப்புக் கூடிவிட்டால் முணுமுணுக்கும். கைதவறிக் கீழே போட்டால், கண்ணை எங்கே வைத்திருக்கிறாய் என்று நாலு ஏச்சு ஏசிவிட்டுத் தானாகவே உருண்டு வந்து அடுப்பில் ஏறிக்கொள்ளும். பொய் மட்டும் அதற்கு வரவே வராது. வீட்டில் உள்ளதையும் இல்லாததையும் தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிடும்.

அப்போது கண்மாய்க் கரையில் சிட்டாயி என்று ஒரு குயவர் வீட்டுப் பெண் இருந்தாள். நல்ல கைராசிக்காரி. சுற்றுவட்டாரத்தில் எந்த அடுப்பைப் பார்த்தாலும் அவள் தட்டிக் கொடுத்த பானைதான் உட்கார்ந்திருக்கும். அதுவே அவளுக்கு வினையாகப் போயிற்று. எல்லா வீட்டிலும் பானை இருக்கிறது, ஒன்றும் உடைய மாட்டேன் என்கிறது, அப்புறம் யார் வந்து புதுப்பானை கேட்பார்கள்? புருஷன் மொக்கையன் பானைகளை வண்டியில் அடுக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனான். போன பாரம் அப்படியே திரும்பி வந்தது. சூளையில் நெருப்பு அணைந்து, உள்ளே பூசணிக்கொடி படர்ந்து, பூக்கூட விட்டுவிட்டது.

விடிந்தால் போதும், சிட்டாயி வீட்டுப் பானையே இன்றைக்கும் நம் வீட்டில் உலை இல்லை என்று சத்தமாகச் சொல்லும். பாவம், அதற்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது, உள்ளதைச் சொன்னது, அவ்வளவுதான். சிட்டாயிக்குத்தான் மானம் போகும். முந்தானையால் பானையின் வாயைக் கட்டிப் பார்த்தாள். துணிக்குள்ளிருந்தும் அதையேதான் சொன்னது.

பட்டினியையும் மானக்கேட்டையும் அவள் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டாள். ஆனால் ஒருநாள் கடைக்குட்டி மருதாயி கரையிலிருந்து ஓடிவந்து மடியில் விழுந்தாள். உதட்டோரத்தில் ஈரமண் ஒட்டியிருந்தது. விளையாட்டில் பூசிக்கொண்டாளோ என்று துடைக்கப் போனவள், பிள்ளையின் வாயைத் திறந்து பார்த்தாள். நாக்கெல்லாம் மண். பிள்ளை மண்ணைத் தின்றிருக்கிறது.  சிட்டாயி மகளை இறக்கிவிட்டு நேராகக் கண்மாய்க்குப் போனாள். மண் எடுக்கிற பள்ளத்தில் இறங்கி முட்டிபோட்டு உட்கார்ந்து மண்ணிடமே கேட்டாள்.

"ஆத்தா, நீ சாகாம இருந்தா என் பிள்ளைக செத்துப்போகும். உன் கால்ல விழுறேன், கொஞ்சம் உடைஞ்சு குடு."

கண்மாயில் அலை அடங்கியது. மேய்ந்துகொண்டிருந்த கொக்குகள் கழுத்தைத் தூக்கி நின்றன. பிறகு பள்ளத்தின் அடியிலிருந்து மண் பேசியது. பானைகளின் சளசளப்பு இல்லை அது. ஊரையே மடியில் வைத்திருக்கிறவளின் குரல். 

"நெருப்புக்குள்ள போயிட்டு வந்த மண்ணு திரும்ப எங்கூடச் சேராது தாயி. உடைஞ்சா ஓடாத்தான் கிடக்கணும். தெரிஞ்சுதான் கேக்குறியா?"

சிட்டாயிக்குத் தெரியும். தலையை ஆட்டினாள்.

"உன் சின்னவ காலையில என்னைக் கிள்ளித் தின்னா. வயித்துக்குள்ள போயும் நான் மண்ணாத்தானே இருந்தேன், சோறாக முடியலையே. அப்பவே முடிவு பண்ணிட்டேன். பழசு புதுசு எல்லாப் பானைக்கும் ஆளுக்கொரு நாள் வச்சிடுறேன். அந்த நாள் வந்தா உடைஞ்சிடும்."

சிட்டாயி கையெடுத்துக் கும்பிட்டாள். மண் இன்னும் முடிக்கவில்லை.

"ஆனா தன் நாளு எதுன்னு பானைக்குத் தெரியும். எங்களுக்குப் பொய்யும் வராது. கேட்டாச் சொல்லிப்புடுவோம். உடையுற நாள் தெரிஞ்ச பானையில எவளுக்கு உலை வைக்க மனசு வரும்? அதனால அடுத்த சூளையை நீ பிரிக்கிற அன்னைக்கிலேருந்து நாங்க பேசல."

அத்தனை பானைகளும் வாயடைத்துப் போகப் போகின்றன என்பது அந்த நேரத்தில் சிட்டாயிக்கு உறைக்கவில்லை. பசித்த பிள்ளைகளின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. சரி ஆத்தா என்று சொல்லி, கூடை நிறைய மண்ணோடு வீட்டுக்கு வந்தாள்.

வந்து என்ன செய்தாள் தெரியுமா? ஒரு தாயிடம் வாக்கு வாங்கிவிட்டு வந்தவள், அந்த வாக்கை நம்பினாளா? நம்பவில்லை. மண்ணுக்கு மறந்துபோய்விட்டால்? நாள் ரொம்பத் தள்ளி வைத்துவிட்டால்? பட்டினி கிடந்த மனசுக்குச் சந்தேகம் சட்டென்று வந்துவிடும், அவளைச் சொல்லிக் குற்றமில்லை. பானையின் அடியை மூடும்போது, உள்ளே கல்லைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டித்தான் மண்ணோடு மண்ணைச் சேர்ப்பார்கள். நன்றாகச் சேர்ந்த பிறகும் கடைசியாக ஒரு தட்டு வைப்பது சிட்டாயியின் வழக்கம். அந்த ஒரு தட்டைக் குறைத்தாள். அடியில் கண்ணுக்குத் தெரியாமல் ஒரு நூலிழைக் கீறல் வாய்விட்டு நின்றது. மேலே செம்மண் பூசி மினுக்கிவிட்டாள். மொக்கையனிடம்கூடச் சொல்லவில்லை.

பூசணிக்கொடியைப் பிடுங்கிப் போட்டுச் சூளை வைத்தார்கள். வெந்து ஆறி, பிரிக்கிற காலையும் வந்தது. சூளை பிரிக்கும்போது கல்யாண வீடு மாதிரி இருக்கும். பானைகள் எல்லாம் ஒரே நேரத்தில் கண்விழித்து, சூடு தாங்கவில்லை என்றும் என்னை முதலில் எடு என்றும் காதைத் துளைக்கும். அன்றைக்கு மொக்கையன் மேலே போட்டிருந்த மூடியை நீக்கினான். உள்ளே செக்கச்செவேல் என்று பானைகள் அடுக்கடுக்காக உட்கார்ந்திருந்தன. ஒரு சத்தமும் இல்லை. கண்மாய்க்குள் கேட்ட அந்தக் குரல் அத்தனை பானைக்குள்ளும் வாயை மூடிக்கொண்டு இருப்பதாகச் சிட்டாயிக்குத் தோன்றியது. மொக்கையன் தன்னை அறியாமல் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டான்.

சிட்டாயி வீட்டுக்குள் ஓடினாள். அடுப்பில் இருந்த பழைய பானையிடம், ஏதாவது ஒரு வார்த்தை சொல்லேன், ஊருக்குக் கேட்டாலும் பரவாயில்லை என்று கெஞ்சினாள். அது பேசவே இல்லை. மானத்தை வாங்குகிறதே என்று அத்தனை நாள் கரித்துக் கொட்டியவள், அதைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அந்த நேரம் பார்த்து வாசலில் மேலத்தெரு அங்கம்மா வந்து நின்றாள். சேலையெல்லாம் நனைந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. இடுப்பில் இருந்த பழைய குடம் நடுத்தெருவில் தானாகப் பிளந்துவிட்டதாம். ஊரே கூடி நின்று ஓட்டுத் துண்டுகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறதாம், தொட ஒருவருக்கும் தைரியம் வரவில்லையாம்.  மண் சொன்னதைச் செய்துவிட்டது. அவள் குறைத்த தட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

அங்கம்மா புதுக்குடத்துக்கு விலையாகக் கொண்டுவந்த முறம் நிறையக் கம்புத் தானியத்தைக் கீழே வைத்துவிட்டுப் பானைகளுக்கு முன்னால் குந்தினாள். அப்போதெல்லாம் பானை வாங்குகிறவர்கள் பானையிடமேதான் கேட்பார்கள். என் வீட்டுக்கு வருகிறாயா, தண்ணீர் தாங்குவாயா என்று அவளும் கேட்டாள். பதில் இல்லை. தூங்குகிறது போல என்று நினைத்து, பிள்ளையை எழுப்புகிற மாதிரி விரலை மடக்கி அதன் வயிற்றில் ஒரு சுண்டு சுண்டினாள்.

பொத் என்றது பானை.

அங்கம்மா முகம் சுளித்து அடுத்ததைச் சுண்டினாள். அதுவும் பொத். அதற்கடுத்ததும் அப்படியே.  மூலையில் இருந்த ஒரு பானை மட்டும் கணீர் என்று சொன்னது. அந்தச் சத்தம் வாசலைத் தாண்டிக் கண்மாய் வரைக்கும் போயிற்று. அது, மனசு எங்கோ இருந்த நேரத்தில், கை பழக்கத்தில் கடைசித் தட்டையும் வைத்துவிட்ட பானை.

அங்கம்மா அதை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். மற்றவற்றைப் பார்த்தாள், பிறகு சிட்டாயியைப் பார்த்தாள்.

"இதுகளுக்கு என்னத்தா பண்ணுன?"

 அங்கம்மா போன பிறகு பொத்தென்ற பானைகளை எல்லாம் சிட்டாயியே, அடியில் இருந்த அந்தக் கீறலில் தட்டி உடைத்தாள். ஒவ்வொன்றிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே உடைத்தாள். அந்த ஓடுகளை ஓரமாகக் குவித்துவிட்டு, புதுமண் எடுத்து வந்து, இந்த முறை கடைசித் தட்டு வரைக்கும் தட்டினாள். கம்பங்கஞ்சி குடித்துவிட்டுப் பிள்ளைகள் பக்கத்தில் தூங்கின. அதன் பிறகு அவள் சூளை அணையவில்லை. உடைக்க அவள் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. அதது நாள் வந்தபோது பானைகள் தாமே உடைந்தன.

அங்கம்மா ஊரெல்லாம் சொல்லிவிட்டாள். சிட்டாயி வாசலில் அவள் விரலால் சுண்டிய அன்றைக்குத் தொடங்கியதுதான், பானை வாங்கப் போகிற எவரும் விற்கிறவர் பேச்சை விட்டுவிட்டுப் பானையைச் சுண்டிக் காது கொடுத்துக் கேட்பது. தன் நாளை அது சொல்லாது, மண் கொடுத்த வாக்கு அப்படி. செய்த கை ஒரு தட்டைக் குறைத்திருந்தால், அதை மட்டும் இன்றைக்கும் சொல்லிவிடுகிறது.