வெள்ளைப்பாறை வளைவு

"இந்த வண்டி திரும்ப மாட்டேங்குதுங்க கோச்," என்றாள் ருக்குமணி.

தவசீலி வண்டியைப் பார்க்கவில்லை. ருக்குமணியைத்தான் பார்த்தாள். முழங்கையில் சிராய்ப்பு. காதோரம் தேயிலை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது.

"எங்க விழுந்தீங்க அக்கா?"

"அதே எடம். வெள்ளைப்பாறை வளைவு. இன்னைக்கு மட்டும் மூணாவது வாட்டி."

"சரி," என்று சொல்லிவிட்டுத் தவசீலி டீ போடப் போனாள்.

கோத்தகிரிக்கு மேலே, தேயிலைத் தோட்டம் முடிந்து காடு தொடங்குகிற விளிம்பில் அவளுடைய தகரக் கொட்டகை இருந்தது. மலைச் சைக்கிள்களைப் பழுது பார்ப்பாள். ஓட்டவும் கற்றுத் தருவாள். முப்பத்தொரு வயது. அவளிடம் கற்க வருகிறவர்கள் பாதிப்பேர் அவளைவிட மூத்தவர்கள். எல்லோருக்கும் அவள் கோச்.

ருக்குமணிக்கு நாற்பத்தேழு. காரமடையிலிருந்து ஞாயிறுதோறும் முதல் பஸ் பிடித்து வருவாள். வண்டியைக் கொட்டகையிலேயே விட்டு வைத்திருந்தாள். ஆறு வாரமாக வருகிறாள். ஒரு தடவைகூட அந்த வளைவைத் தாண்டியதில்லை.

இன்று கடைசி நாள். மகன் கவின் வண்டியை விற்க ஆள் பார்த்துவிட்டான். மதியத்துக்கு மேல் வீட்டுக்கே வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார் அந்த ஆள்.

டீயை வாங்கிக்கொண்டு ருக்குமணி சொன்னாள்: "விலை கம்மி வண்டிங்க. அதான் இப்படி."

தவசீலி ஊதிக் குடித்தாள்.

"கனம் வேற. பதினாறு கிலோ."

"ம்."

"சக்கரத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவுல நாலடிக்கு மேல இருக்குதுங்க. இத்தனை நீளத்தை வெச்சுக்கிட்டு எப்படித் திருப்பறது? படகு மாதிரி இருக்குது."

"அளந்தீங்களா?"

"அவரு சொல்லுவாரு."

மேகம் கொட்டகைக்குள் வந்து, எதையோ தேடினாற்போல் நின்று, மறுபக்கம் வெளியேறிப் போயிற்று.

தவசீலி எழுந்து வண்டியை வெளியே எடுத்தாள். பச்சை வண்டி. சாதாரணச் சைக்கிளில் முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் நிமிர்ந்து நிற்கும். இதில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்திருப்பவனைப்போல் சக்கரத்தைத் தூரத்தில் வைத்திருந்தது. முன்னும் பின்னும் நீளமான ஷாக். பாறைமேல் விழுந்தாலும் மெத்தையில் விழுந்ததுபோல அமுங்கி எழும்.

"இந்தப் புல்லுல ஒரு சுத்து வாங்க. மெதுவா."

ருக்குமணி ஏறினாள். மெதுவாகப் போனாள். முன் சக்கரம் இப்படி விழுந்தது, அப்படி விழுந்தது. தூக்கக் கலக்கத்தில் நடக்கிறவனின் தலைபோல.

"பாருங்க, ஆடுது!"

"ஆமா."

"மெதுவாப் போனா இத்தனை ஆடுதே!"

"மெதுவாப் போறதுக்குச் செஞ்சதில்ல அக்கா இது."

ருக்குமணிக்குக் கோபம் வந்தது. "வேகமாப் போனா விழறேனுங்க!"

தவசீலி ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். "குடுங்க வண்டியை. நீங்க நடந்து வளைவுக்கு வந்துடுங்க."

அவள் ஏறிய கணமே மேகம் அவளை விழுங்கிவிட்டது. ருக்குமணி ஒற்றையடிப் பாதையில் இறங்கி நடந்தாள். எதுவும் தெரியவில்லை. சில்வர் ஓக் மரங்கள் அடி இல்லாமல், நுனி இல்லாமல், நடுமரம் மட்டும் வெள்ளையில் மிதந்தன.

சத்தம் மட்டும் கேட்டது. சரளையில் டயர் உரசும் சத்தம். வேரில் ஏறி இறங்கும் சத்தம். பிறகு, வளைவு இருக்கும் பக்கத்திலிருந்து, சேலையை உதறி மடித்தாற்போல் ஒரு நீண்ட சத்தம்.

பிறகு ஒன்றுமில்லை.

ருக்குமணி போய்ச் சேர்ந்தபோது தவசீலி பாறைமேல் உட்கார்ந்திருந்தாள். வண்டி பக்கத்தில் சாய்ந்திருந்தது. பாதை அந்த இடத்தில் வெள்ளைப் பாறையைச் சுற்றி இடது கைப்பக்கம் வளையும். வளையாவிட்டால் எதிரே பள்ளம், தேயிலைச் சரிவு.

"திரும்புச்சுங்களா?"

தவசீலி தரையைக் காட்டினாள். முந்தின நாள் மழை. மண் ஈரமாக, மாவுபோல இருந்தது. இரண்டு டயர் தடங்கள் வளைவைச் சுற்றி அழகாகப் போயிருந்தன.

"இப்ப நீங்க போங்க. விழுந்தாலும் பரவாயில்ல."

ருக்குமணி வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போனாள். ஏறினாள். வந்தாள். பாறை தெரிந்ததும் உடம்பு தானாகப் பின்னால் போயிற்று. கைகள் விறைத்து நீண்டன. முன் சக்கரத்தைத் திருப்பினாள். அது திரும்பியது. வண்டி திரும்பவில்லை. நேராகச் சறுக்கி, தேயிலைச் செடிக்குள் போய் விழுந்தாள்.

தவசீலி ஓடி வந்து தூக்கிவிட்டாள். அடி ஒன்றும் பலமில்லை. ருக்குமணி எழுந்து தட்டிக்கொண்டாள்.

"கொஞ்சம் திரும்பி நில்லுங்க அக்கா."

திரும்பினாள். பேன்ட்டின் பின்பக்கம், உட்காருமிடத்தில், நேர்கோடாக ஒரு சேற்றுப் பட்டை.

"இது எப்படி வந்துச்சு?"

"விழுந்ததுலயா இருக்கும்."

"விழுந்தது பக்கவாட்டுல. இது பின்டயர் தேச்ச கோடு. அவ்வளவு பின்னால போயிருக்கீங்க."

ருக்குமணிக்கு முகம் சிவந்தது. தவசீலி அவள் கையைப் பிடித்து வளைவுக்குக் கூட்டி வந்தாள். இருவரும் குனிந்தார்கள்.

"இது நான் போனது."

இரண்டு தடங்களும் ஒரே ஆழத்தில் மண்ணைக் கடித்திருந்தன. டயரின் ஒவ்வொரு பல்லும் தெரிந்தது.

"இது நீங்க."

பின்சக்கரத்தின் தடம் உழவுச் சால்போல ஆழமாகக் கிடந்தது. முன்சக்கரத்தின் தடத்தைத் தேட வேண்டியிருந்தது. மண்ணை யாரோ விரல் நுனியால் தொட்டுவிட்டுப் போனாற்போல் இருந்தது.

தவசீலி நிமிரவில்லை. மண்ணைப் பார்த்தபடியே கேட்டாள்:

"முன்னால யாருக்கு அக்கா எடம் விட்டு ஓட்டறீங்க?"

மேகம் இன்னொரு தரம் வந்தது. பாறை மறைந்தது, வண்டி மறைந்தது. எதிரில் இருந்தவளின் முகமும் மறைந்தது. முகம் தெரியாததால் ருக்குமணியால் பேச முடிந்தது.

"அவரு பம்ப் பட்டறையில ஃபிட்டருங்க. சாமியப்பன்னு பேரு. இந்த வண்டியைப் பத்தியேதான் பேசுவாரு. சோறு போட்டுட்டு உக்காந்தா ஆரம்பிச்சுருவாரு. 'ருக்கு, ஃபோர்க் அறுபத்து நாலு டிகிரி, சீட்டு எழுபத்தேழு டிகிரி'ம்பாரு. எனக்கு ஒண்ணும் புரியாது. ஏதோ மந்திரம் சொல்ற மாதிரி இருக்கும். கேட்டுட்டே இருப்பேன்."

தவசீலி மண்ணிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"இந்தப் பாதையை போன் வீடியோவுல நூறு தடவை பாத்திருப்பாரு. இந்த வளைவு வந்தா நிறுத்தி நிறுத்திப் பாப்பாரு. அவரு ஆர்டர் போட்ட வண்டிப் பொட்டி வந்து சேந்தப்ப அவரு போயிப் பதினோரு நாள் ஆயிருச்சு. பட்டறையிலயே நெஞ்சு வலி."

"ம்."

"கலியாணமானதுலருந்து பத்தொம்பது வருசம் அவரு பைக்குக்குப் பின்னாலதான் உக்காந்தேன். கோயிலு, ஆஸ்பத்திரி, எங்க போனாலும். அவரு முதுகைப் பாத்துட்டே போவேன். ரோட்டைப் பாத்ததே இல்லீங்க."

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே கேட்டது.

மேகம் விலகியது. தவசீலி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். வண்டியைப் பாதையின் நடுவில் நிறுத்தி, இரண்டு கையாலும் பின்சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏறி நில்லுங்க. சீட்டுல உக்கார வேண்டாம். பெடல்ல நில்லுங்க."

நின்றாள்.

"முழங்கையை வெளிய மடக்குங்க. நெஞ்சு ஹேண்டில்பாருக்கு மேல வரணும். இன்னும். இன்னும் கொஞ்சம்."

"பள்ளத்துல தலைகுப்புற விழற மாதிரி இருக்குதுங்க."

"இருக்கும்."

"பயமா இருக்குது."

"இருக்கட்டும். வாங்க."

ருக்குமணி போனாள். ஓர் அங்குலம், மறு அங்குலம். ஆளில்லாத வீட்டுக்குள் கால் வைக்கிறவளைப்போலத் தயங்கித் தயங்கிப் போனாள். ஷாக் மெல்ல அமுங்கியது. முன்டயர் மண்ணை அழுத்துவது உள்ளங்கை வழியாகத் தெரிந்தது. ஆறு வாரத்தில் முதல் தடவையாக அவளுக்கு முன்னால் ஒரு சக்கரம் இருந்தது.

அப்படியே நின்று அழுதாள். தவசீலி பின்சக்கரத்தை விடவில்லை.

அழுகை முடிந்ததும் ருக்குமணி மூக்கைச் சிந்தினாள். வண்டியை மேலே தள்ளிக்கொண்டு போனாள்.

அவள் இறங்கியபோது நல்ல வெளிச்சம் இருந்தது. மேகத்துக்குள் எங்கோ சூரியன் கரைந்து, பாதை முழுக்கப் பால்போல் கிடந்தது. முதலில் வண்டி ஆடியது. அவள் பிரேக்கை விட்டாள். ஆட்டம் நின்றது. வேகம் கூடக்கூட அந்த நீளமான வண்டி அமைதியானது. வேர்கள் கீழே ஓடின, கற்கள் ஓடின. எல்லாம் ரொம்பத் தூரத்தில், வேறு யாருக்கோ நடப்பதுபோல.

பாறை வந்தது.

உடம்பு பின்னால் இழுத்தது. அவள் நெஞ்சை முன்னால் கொண்டுபோனாள். வண்டியை இடது பக்கம் சாய்த்தாள். கண் பாறையையும் பள்ளத்தையும் விட்டு, வளைவின் அந்தப் பக்கத்தைத் தேடியது.

சேலையை உதறி மடித்தாற்போல் ஒரு நீண்ட சத்தம். அது தன்னிடமிருந்து வருகிறது என்பது வளைவைத் தாண்டிய பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

அதற்கப்புறம் பாதை ஓடை வரைக்கும் போகும். அதுவரை அவள் பார்த்தே இராத பாதை. சாமியப்பனின் போனில் பார்த்ததுபோலவும் இருந்தது, பார்க்காததுபோலவும் இருந்தது. ஓடையில் நிறுத்திக் காலைத் தண்ணீருக்குள் விட்டாள்.

தவசீலி வந்து சேர வெகுநேரம் ஆயிற்று. நடந்துதான் வந்தாள். இருவரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியை மேலே தள்ளினார்கள்.

பாதி வழியில் போன் அடித்தது. கவின்.

"அம்மா, வண்டி வாங்கறவரு வந்து உக்காந்திருக்காரு. வண்டியோட எப்ப எறங்குவே?"

"அவருக்கு டீ போட்டுக் குடுத்து அனுப்பீரு சாமி."

"ஏம்மா?"

"வண்டி மேல ஏறிட்டிருக்குது."

போனைப் பைக்குள் போட்டாள். மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கூடவே வந்தது.

"கோச். ஒண்ணு சொன்னா சிரிக்க மாட்டீங்களே?"

"சொல்லுங்க அக்கா."

"எறங்கறப்போ பின்னால கனம் தெரிஞ்சுதுங்க. யாரோ ஏறி உக்காந்த மாதிரி."

தவசீலி நின்றுவிட்டாள். "திரும்பிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க," என்றாள் ருக்குமணி. "அதுக்குள்ள வளைவு வந்துருச்சு."