புலிக்கு ஆள் எடுத்த ஞானப்பாளையத்தார்

ஞானப்பாளையத்தில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் செலவு செய்வதில்லை, அப்புறம் எப்படிக் குறையும்?

அந்த ஊர் நாச்சிமுத்துவுக்குப் பெண் கொடுக்க அக்கம்பக்கத்தில் ஒருவரும் துணியவில்லை. கடைசியில் கரைமேட்டு வேலப்பன்தான் இரங்கினார். அவர் மகள் பொன்னாத்தாளுக்கும் மாப்பிள்ளை முகம் பிடித்துப்போயிற்று. முகத்தை மட்டும்தானே பார்த்தாள், பாவம். ஆனால் வேலப்பனுக்கு ஒரு கிறுக்கு. விடுகதை போடாமல் யாருக்கும் ஒரு வாய்த் தண்ணீர்கூடத் தரமாட்டார்.

"மாப்பிள்ளை, உங்ககிட்ட ஒரு புலி, ஒரு ஆடு, ஒரு புல்லுக்கட்டு இருக்கு. ஆத்தைக் கடக்கணும். பரிசல்ல உங்களோட ஒண்ணுதான் ஏறும். நீங்க பக்கத்துல இல்லீன்னா புலி ஆட்டைத் தின்னுபோடும், ஆடு புல்லைத் தின்னுபோடும். மூணையும் எப்படி அக்கரை சேர்ப்பீங்க? வெள்ளிக்கிழமை வந்து சொன்னா அன்னைக்கே தட்டு மாத்திக்கலாம். இல்லீன்னா வேற பக்கம் பொண்ணு பாருங்க."

நாச்சிமுத்து அழாத குறையாக ஊர் திரும்பினான். ஊர்த்தலைவர் ராக்கியண்ணன் கூட்டம் கூட்டினார்.

"ஆடு இருக்கு, புல்லு இருக்கு, பரிசலும் இருக்கு. புலிக்கு எங்கடா போறது? அவரு 'உங்ககிட்ட இருக்கு'ன்னு சொன்னப்பவே இல்லீங்கன்னு சொல்லித் தொலைச்சா என்ன?"

"பொண்ணு கேக்கப் போன இடத்துல இல்லைன்னு சொன்னா மருவாதியா இருக்குமாண்ணா?"

நியாயம்தானே! உடனே புலிக்கு ஆள் எடுத்தார்கள். நாச்சிமுத்துவின் உயிர்த்தோழன் குப்பண்ணன் முன்வந்தான். மஞ்சள் பூசி, கரிக்கோடு இழுத்து, பின்னால் ஒரு கயிற்றையும் கட்டிக்கொண்டான்.

ஆற்றங்கரைக்குப் போய்ச் செய்து பார்த்தார்கள். முதல் நடையில் நாச்சிமுத்து புல்லுக்கட்டைப் பரிசலில் ஏற்றிப் போனான். திரும்பி வந்தால் கரையில் அடுப்பு எரிகிறது. குப்பண்ணன் எலும்பைக் கடித்துக்கொண்டிருக்கிறான்.

"அடப்பாவி, என்னடா பண்ணினே?"

"நீ பக்கத்துல இல்லியே! எனக்கு மட்டும் ஆசையா?"

"எந்தப் புலிடா மிளகு போட்டு வறுக்குது?" என்று அதட்டினார் ராக்கியண்ணன்.

"பச்சையாத் தின்னா எனக்குச் சேராதுங்கண்ணா."

வேறு ஆடு வந்தது. இம்முறை புலியை முதலில் ஏற்றினார்கள். ஆடு புல்லைத் தின்றது. மறுபடி புல்லை ஏற்றினார்கள். மறுபடி அடுப்பு எரிந்தது. ஆட்டை முதலில் ஏற்றலாமே என்று நாச்சிமுத்து தயங்கித் தயங்கிக் கேட்டான். "புலி நிக்கறப்ப ஆட்டுக்கு முதல் மரியாதையா?" என்று ராக்கியண்ணன் சீறினார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. ஊர் ஆட்டுப்பட்டிகளெல்லாம் காலியாயின. குப்பண்ணன் மட்டும் நன்றாகக் கொழுத்துவிட்டான்.

வெள்ளிக்கிழமை எல்லோரும் கரைமேட்டுக்குப் போய் நின்றார்கள்.

"மாமா, ஆடு தீந்துபோச்சுங்க. ஒண்ணே ஒண்ணு குடுத்தீங்கன்னா..."

கதையைக் கேட்ட வேலப்பன் தலையில் அடித்துக்கொண்டார். "அட ராமா! அது வெறும் விடுகதைய்யா! புலியும் இல்லை, ஆடும் இல்லை! கிளம்புங்க எல்லாரும்!"

நாச்சிமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. உள்ளே இருந்து பொன்னாத்தாள் வந்தாள்.

"எனக்காக ஊரு ஆட்டையெல்லாம் தொலைச்சிருக்காரு, அப்பா. கட்டினா இவரைத்தான் கட்டுவேன்."

வேலப்பன் முனகிக்கொண்டே தட்டை எடுத்தார். ராக்கியண்ணன் கை நீட்டித் தடுத்தார்.

"எல்லாம் சரிங்க. ஒண்ணு மட்டும் இப்பவே தெளிவு பண்ணிப்போடுங்க. உங்க பொண்ணைத் தனியா விட்டா யாரைத் தின்னும்?"

பொன்னாத்தாளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்க மாப்பிள்ளையைத்தான்!"

"நல்லவேளை, முன்னாடியே கேட்டேன்," என்றார் ராக்கியண்ணன்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. மணவறையில் பெண் ஒரு பக்கம், மாப்பிள்ளை ஒரு பக்கம், நடுவில் காவலுக்குக் குப்பண்ணன். அவன் தலைக்கு மேலே எட்டித்தான் நாச்சிமுத்து தாலி கட்டினான். அன்று ராத்திரி பாலும் பழமும் வைத்த அறைக்குள், பாய் தலையணையோடு முதல் ஆளாக நுழைந்தவனும் குப்பண்ணன்தான்.